அண்டக்கதிர் எங்கே பிறக்கிறது? காமா ஒளி சொல்லும் சாட்சி



எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கின் அறிவியல் பகுதியில் அண்மையில் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். "அண்டக்கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்ற நூறாண்டுப் புதிருக்கு 2013இல் விடை கிடைத்துவிட்டது." கையிலிருந்த குறிப்பு அட்டையில் அப்படித்தான் இருந்தது. அதை எழுதியவளும் நானே. அரங்கின் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கையை உயர்த்தினார். ஒலிவாங்கி தம்மிடம் வருவதற்கு முன்பே பேசிவிட்டார். "பாதிதாம்மா கிடைச்சிருக்கு. மிச்சம் இருக்கிறதுதான் கஷ்டமான பாதி." அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று சைகை வர, நான் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டேன்.

சிரித்துச் சமாளித்தது எனக்கே பிடிக்கவில்லை. தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள் நான். இயற்பியலோடு எனக்கிருந்த உறவு ஐந்தாம் படிவத்தோடு முடிந்துபோனது. ஆனாலும் ஆயிரக்கணக்கான நேயர்கள் முன்னிலையில் முடிந்துவிட்டது என்று சொன்ன ஒன்று உண்மையில் முடிந்ததா இல்லையா என்று பார்க்கும் கடமை எனக்கு உண்டு அல்லவா? தேடிப் படித்தேன். அடுத்த நிகழ்ச்சியில் என் வாக்கியத்தைத் திருத்திப் பேசினேன். அந்தப் பேச்சைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

முதலில், இந்த அண்டக்கதிர் என்பது என்ன? கதிர் என்று பெயர் இருந்தாலும் இது ஒளி அன்று. விண்வெளியிலிருந்து கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் வந்து பூமியின் காற்றுமண்டலத்தைத் தாக்கும் அணுக்கருத் துகள்கள். நூற்றுக்குத் தொண்ணூறு புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜனின் கரு. மீதியில் பெரும்பகுதி ஹீலியக் கரு. இவை காற்றில் மோதும்போது சிதறல்கள் மழையாகக் கீழே பொழிகின்றன. அந்தச் சிதறல்களில் மியூவான் என்ற துகள் தரைவரை வந்து சேரும். உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று வீதம் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடலைத் துளைத்துச் சென்றவை எத்தனையோ ஆயிரம்.

இதை முதலில் உறுதிப்படுத்தியவர் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி. 1912 ஆகஸ்டு 7ஆம் தேதி, இன்றைய செக் நாட்டில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் ஏறி 5,000 மீட்டருக்கும் மேலே போனார். கையில் கதிர்வீச்சை அளக்கும் கருவிகள். கதிர்வீச்சு மண்ணிலிருந்து வருவதாக இருந்தால் உயரே போகப் போகக் குறைய வேண்டும். நடந்ததோ நேர்மாறு. அந்த உயரத்தில் தரையில் இருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல் காட்டியது. ஆக, மேலிருந்துதான் ஏதோ வருகிறது. சூரியனாக இருக்குமோ? அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் மாதச் சூரிய கிரகணத்தின்போதே ஒரு முறை பறந்து பார்த்திருந்தார். சூரியன் மறைந்தபோதும் அளவு குறையவில்லை. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த துப்பு கிடைத்தது நம் வட்டாரத்தில் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஜாவாவின் பண்டுங் நகரில் பணியாற்றிய டச்சு விஞ்ஞானி யாக்கோப் கிளே, 1927இல் ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகும்போது வழி நெடுக அளந்துகொண்டே போனார். நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்களில் அளவு குறைந்தும், வடக்கே போகப் போகக் கூடியும் இருந்தது. அண்டக்கதிர் வெறும் ஒளியாக இருந்தால் அது எந்த அட்சரேகையையும் மதிக்காது. பூமியின் காந்தப்புலம் அதைத் தடுக்கிறது, வளைக்கிறது என்றால் அதற்கு மின்னூட்டம் இருக்கவேண்டும். நிலநடுக்கோட்டின் மேல் வாழும் நமக்கு அந்தக் காந்தத் திரை கொஞ்சம் கூடுதலான பாதுகாப்பு தருகிறது என்பது உபரிச் செய்தி.

ஆனால் இந்த மின்னூட்டம்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். பூமியின் காந்தப்புலம் மட்டுமா வளைக்கிறது? நம் பால்வீதி முழுவதும் பலவீனமான காந்தப்புலங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஓர் அண்டக்கதிர்த் துகள் அவற்றில் சிக்கி, அங்கும் இங்கும் திரும்பி, இலட்சக்கணக்கான ஆண்டுகள் அலைந்துவிட்டு நம்மிடம் வந்து சேர்கிறது. வந்த திசையைப் பார்த்து "நீ எந்த ஊர்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது.

நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துச் சொல்கிறேன். 1997இலும் 2015இலும் இங்கே புகைமூட்டம் எப்படி இருந்தது என்பதை யாரும் மறந்திருக்கமாட்டோம். பள்ளிகளை மூடினார்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்தோம். வீட்டு வாசலில் நின்று புகையைப் பார்த்து எந்தக் காட்டில் தீ எரிகிறது என்று சொல்ல முடியுமா? முடியாது. காற்று அதைச் சுழற்றிக் கலக்கிவிடுகிறது. பின் எப்படி நாளிதழ்களில் சுமத்ராவில் இத்தனை தீப்புள்ளிகள், களிமந்தானில் இத்தனை என்று எண்ணிக்கை வந்தது? துணைக்கோளம் மேலிருந்து பார்த்தது. தீயின் வெப்ப ஒளி காற்றில் அலைக்கழியாது, நேர்க்கோட்டில் வரும். அண்டக்கதிர் புகை மாதிரி. காமா கதிர் அந்தத் தீயின் ஒளி மாதிரி. காமா கதிருக்கு மின்னூட்டம் இல்லை, காந்தப்புலம் அதைத் தொடுவதில்லை. புறப்பட்ட இடத்திலிருந்து நேரே நம் கருவிக்கு வருகிறது.

சரி, எந்தத் தீயைத் தேடுவது? சந்தேகம் யார் மேல்? 1934ஆம் ஆண்டிலேயே வால்டர் பாடே, ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற இருவர் விரலை நீட்டிவிட்டார்கள். பெரிய விண்மீன்கள் ஆயுள் முடிந்து வெடிக்கும் சூப்பர்நோவாதான் அண்டக்கதிரின் மூலம் என்றார்கள். இதற்கு வலுவான ஆதாரம் ஒரு வரவு செலவுக் கணக்கு. அண்டக்கதிர்கள் பால்வீதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் அளவு குறையவில்லை என்றால் யாரோ நிரப்பிக்கொண்டிருக்கவேண்டும். நம் பால்வீதியில் ஒரு நூற்றாண்டுக்கு இரண்டு மூன்று சூப்பர்நோவா வெடிக்கிறது. ஒவ்வொன்றின் வெடிப்பு ஆற்றலிலும் பத்தில் ஒரு பங்கு துகள்களுக்குப் போனால் போதும், கணக்கு நேராகிவிடுகிறது.

எப்படிப் போகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. 1949இல் என்ரிக்கோ ஃபெர்மி அடித்தளம் போட்டார், 1970களின் பிற்பகுதியில் பலர் அதைச் செப்பனிட்டார்கள். நிக்கோல் டேவிட் ஆடிய சுவர்ப்பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஓரிடத்தில் நிற்காமல் உங்களை நோக்கி நகர்ந்து வந்தால், அதில் படும் பந்து ஒவ்வொரு முறையும் கூடுதல் வேகத்தோடு திரும்பும். வெடிப்பின் அதிர்ச்சி அலை அப்படி நகரும் சுவர். காந்தப்புலங்கள் துகளைத் திரும்பத் திரும்ப அந்தச் சுவருக்கே அனுப்புகின்றன. ஒவ்வொரு மோதலுக்கும் ஆற்றல் சிறிது ஏறுகிறது.

அழகான கருத்து. ஆனால் கணக்கு நேராவது ஒன்று, கையும் களவுமாகப் பிடிப்பது வேறு. எழுபது எண்பது ஆண்டுகள் இது சந்தேகமாகவே நின்றது.

இங்குதான் காமா கதிரின் சாட்சியம் தேவைப்படுகிறது. வேகம் பிடித்த புரோட்டான் அருகிலுள்ள வாயுவில் மோதினால் பையான் என்ற துகள் பிறக்கும். அதில் மின்னூட்டமற்ற ஒரு வகைக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஒரு யுகம். அவ்வளவு சீக்கிரத்தில் அழிந்து இரண்டு காமா கதிர்களாக மாறிவிடும். ஆகவே சூப்பர்நோவாவின் எச்சத்திலிருந்து காமா கதிர் வந்தால் அங்கே புரோட்டான்கள் முடுக்கப்படுகின்றன என்று முடிவு கட்டலாமா?

கட்ட முடியாது. எலெக்ட்ரானும் காமா கதிரை உண்டாக்கும். வேகமான எலெக்ட்ரான் சாதாரண ஒளித்துகளை முட்டித் தள்ளினாலே அது காமா கதிராகிவிடுகிறது. துணைக்கோளம் காட்டும் தீப்புள்ளி காட்டுத்தீயாகவும் இருக்கலாம், எண்ணெய் ஆலையின் புகைபோக்கிச் சுடராகவும் இருக்கலாம் என்பது போன்ற சிக்கல் இது. அண்டக்கதிரில் எலெக்ட்ரான் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். நமக்கு வேண்டியது புரோட்டான். 2004இல் நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் (ஆம், பலூனில் ஏறிய அதே ஹெஸ்ஸின் நினைவாக வைத்த பெயர்) ஆர்எக்ஸ் ஜே1713 என்ற சூப்பர்நோவா எச்சத்தின் வளைய வடிவை முதன்முறையாக உயர் ஆற்றல் காமா ஒளியில் படம்பிடித்தன. உலகமே பாராட்டியது. ஆனால் அந்த ஒளியைத் தந்தது புரோட்டானா எலெக்ட்ரானா என்ற வாக்குவாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை.

வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு, அது மிக உயர்ந்த ஆற்றலில் இல்லை, தாழ்ந்த ஆற்றலில் இருக்கிறது. பையானுக்கு என்று ஒரு குறிப்பிட்ட நிறை உண்டு. அது இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு காமா கதிருக்கும் அதில் பாதி, அதாவது சுமார் 6 கோடியே 75 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் பங்கு வரும். பையான் பறந்துகொண்டிருப்பதால் அளவுகள் கூடக்குறைய இருக்கும். ஆனாலும் தாழ்ந்த ஆற்றல் பக்கத்தில் காமா ஒளி சட்டென்று சரிந்துவிடவேண்டும். எலெக்ட்ரான் உண்டாக்கும் ஒளி அப்படிச் சரியாது. ஆக, அந்தச் சரிவு தெரிந்தால் குற்றவாளி புரோட்டான்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தத் தாழ்ந்த ஆற்றலில்தான் துணைக்கோளங்களின் பார்வை மங்கல். 2011இல் இத்தாலியின் அஜிலே துணைக்கோளம் டபிள்யூ44 என்ற எச்சத்தில் இதற்கான அறிகுறியைக் கண்டது. 2008 ஜூனில் நாசா ஏவிய ஃபெர்மி துணைக்கோளம் நான்கு ஆண்டுகள் சேர்த்த பதிவுகளைக் கொண்டு, டபிள்யூ44, ஐசி443 என்ற இரண்டு எச்சங்களிலும் அந்தச் சரிவு இருப்பதை 2013 பிப்ரவரியில் அறிவித்தது. ஐசி443 மிதுன ராசி விண்மீன் கூட்டத்தில், சுமார் 5,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இரண்டுமே அடர்ந்த வாயு மேகங்களை மோதிக்கொண்டிருப்பவை. புரோட்டான் மோதுவதற்கு இலக்கு நிறைய இருந்ததால் ஒளியும் தெளிவாகக் கிடைத்தது. சூப்பர்நோவா எச்சம் புரோட்டான்களை முடுக்குகிறது என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. நான் அட்டையில் எழுதி வைத்திருந்த செய்தி இதுதான். அது பொய்யில்லை.

அப்படியானால் மீதிப் பாதி?

ஆற்றல்தான் மீதிப் பாதி. அண்டக்கதிர்கள் எல்லாம் ஒரே ஆற்றல் கொண்டவை அல்ல. ஜெனீவாவில் உள்ள உலகின் மிகப் பெரிய துகள் முடுக்கி ஒரு புரோட்டானுக்குத் தருவது 7 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. டெரா என்றால் இலட்சம் கோடி. பால்வீதிக்குள்ளேயே 3,000 டெரா வரை முடுக்கும் ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்று அண்டக்கதிர் அளவீடுகள் காட்டுகின்றன. அந்த இடத்தில் வரைபடக் கோடு மடங்கிச் சரிவதால் அதை "முழங்கால்" என்கிறார்கள். ஃபெர்மி பார்த்த இரண்டு எச்சங்களும் வேகம் தணிந்தவை, அவ்வளவு ஆற்றல் அவற்றிடம் இல்லை. சரி, இளமையான எச்சங்களிலாவது இருக்குமா? காசியோப்பியா ஏ என்ற எச்சத்துக்கு வயது சுமார் 350தான். 2017இல் கானரித் தீவுகளில் உள்ள மேஜிக் தொலைநோக்கிக் குழு அதை அளந்து பார்த்து, அதன் காமா ஒளி சுமார் 3.5 டெராவுக்கு மேல் மங்கிவிடுகிறது என்று அறிவித்தது. காமா கதிருக்கு வருவது புரோட்டானின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் அங்கே புரோட்டான் எட்டிய உயரம் சில பத்து டெரா. தேவையோ அதைப் போல் நூறு மடங்கு. இதைப் படித்தபோதுதான் அந்த ஆசிரியர் ஏன் கையை உயர்த்தினார் என்று எனக்குப் புரிந்தது.

ஆயிரம் டெராவுக்கு பெட்டா என்று பெயர். ஆகவே அவ்வளவு ஆற்றல் தரும் பொருள்களைப் பெட்டாவட்ரான் என்று அழைத்துத் தேடத் தொடங்கினார்கள். 2016இல் ஹெஸ் குழு, பால்வீதியின் மையத்தில் அப்படி ஒன்று இருப்பதற்கான ஆதாரத்தை வெளியிட்டது. மையத்தில் இருப்பது ஒரு மாபெரும் கருந்துளை.

பிறகு வந்தது சீனாவின் லாசோ. சிச்சுவான் மாநிலத்தில் 4,410 மீட்டர் உயர மேட்டுநிலத்தில், ஒரு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் 5,000க்கும் அதிகமான உணர்கருவிகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். இதன் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வானிலிருந்து விழும் துகள் மழை காமா கதிர் உண்டாக்கியதா, சாதாரண அண்டக்கதிர் உண்டாக்கியதா? இரண்டாவது வகைதான் பல ஆயிரம் மடங்கு அதிகம். வைக்கோல்போரில் ஊசியைத் தேடும் வேலை. ஆனால் காமா கதிர் உண்டாக்கும் மழையில் மியூவான் மிகக் குறைவு. எனவே தரைக்கு அடியில் 1,188 மியூவான் கருவிகளைப் புதைத்து வைத்தார்கள். மேலே பெரு மழை பெய்து, கீழே மியூவான் வராவிட்டால் வந்தது காமா கதிர். அவ்வளவுதான்.

2021இல் லாசோ 100 டெராவுக்கு மேற்பட்ட காமா கதிர் தரும் 12 இடங்களை அறிவித்தது. சிக்னஸ் என்னும் அன்னப்பறவை விண்மீன் கூட்டத்தின் பக்கமிருந்து வந்த ஒரு காமா கதிரின் ஆற்றல் 1,400 டெரா. ஆனால் பழைய வாக்குவாதம் இங்கும் தலைகாட்டியது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றான நண்டு நெபுலா, 1054இல் சீன வானியலர் கண்ணால் பார்த்துப் பதிவு செய்த வெடிப்பின் எச்சம், எலெக்ட்ரான் முடுக்கி என்று பெயரெடுத்தது. பெட்டா அளவில் ஒளி வந்தாலும் அதுவே புரோட்டானுக்குச் சான்றாகிவிடாது.

அதனால் 2024இல் வெளியான அடுத்த முடிவு முக்கியமானது. சிக்னஸ் பகுதியில் காமா ஒளியால் ஆன ஒரு ராட்சதக் குமிழியை லாசோ கண்டது. வானத்தில் அது பிடித்திருக்கும் பரப்பு முழுநிலவின் பரப்பைப் போல் சுமார் 500 மடங்கு. வாயு எங்கே அடர்த்தியோ அங்கே ஒளியும் அதிகம். இது புரோட்டானின் கைரேகை. நடுவில் இருப்பது ஒரே ஒரு வெடிப்பின் எச்சமன்று, இளமையான பெருவிண்மீன்கள் நெருங்கி வாழும் ஒரு கூட்டம். அவற்றின் புயல்காற்றுகள் ஒன்றோடொன்று மோதி முடுக்குகின்றன என்பது ஒரு கருத்து. அதே 2024இல் மெக்சிகோவின் ஹாக் ஆய்வகம், துணை விண்மீனை விழுங்கிப் பீய்ச்சலாக உமிழும் வி4641 என்ற கருந்துளையைச் சுற்றி மிக உயர் ஆற்றல் காமா ஒளியைக் கண்டது. ஆக, சந்தேகப் பட்டியலில் சூப்பர்நோவாவோடு இப்போது விண்மீன் கூட்டங்களும் கருந்துளைகளும் சேர்ந்துவிட்டன.

பால்வீதிக்கு வெளியிலிருந்து வருபவை தனிக் கதை. 1991இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு துகளின் ஆற்றல், மணிக்கு 150 கிலோமீட்டரில் பறக்கும் டென்னிஸ் பந்தின் ஆற்றலுக்குச் சமம். அத்தனையும் ஒரே ஓர் அணுக்கருவில்! மிக உயர்ந்த ஆற்றல் கொண்டவை நம் பால்வீதிக்கு வெளியே பிறந்தவை என்பதை 2017இல் அர்ஜெண்டினாவின் பியேர் ஓஜே ஆய்வகம் திசைக் கணக்கைக் கொண்டு காட்டியது. அதே ஆண்டு செப்டம்பர் 22இல் தென் துருவப் பனிக்கட்டிக்குள் புதைத்த ஐஸ்கியூப் கருவியில் ஒரு நியூட்ரினோ பதிவாக, அதே திசையில் ஒரு தொலைதூரக் கருந்துளை காமா ஒளியில் கொந்தளித்துக்கொண்டிருப்பதை ஃபெர்மி காட்டியது. இத்தகைய நியூட்ரினோ புரோட்டான் போன்ற அணுக்கருக்களிலிருந்துதான் பிறக்கும். ஆனால் 2022இல் என்ஜிசி 1068 என்ற விண்மீன் மண்டலத்திலிருந்து ஐஸ்கியூபுக்கு நியூட்ரினோக்கள் கிடைத்தபோது, அதற்கேற்ற உயர் ஆற்றல் காமா கதிர் அங்கிருந்து வரவில்லை. கருந்துளையைச் சுற்றியுள்ள நெரிசல் அதை விழுங்கிவிடுகிறது என்கிறார்கள். காமா கதிர் நல்ல சாட்சிதான், ஆனால் எல்லா இடத்திலிருந்தும் அது தப்பி வந்து சாட்சி சொல்வதில்லை.

நம்மவர்கள் உதகமண்டலத்துக்குச் சுற்றுலா போனால் தாவரப் பூங்காவையும் படகு ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அதே ஊரில், 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா ஆய்வு நிலையம் ஜப்பானியருடன் சேர்ந்து கிரேப்ஸ் 3 என்ற அண்டக்கதிர் ஆய்வுக்கூடத்தை நடத்துகிறது. அங்கும் மியூவான்களை எண்ணுவதற்கென்றே 560 சதுர மீட்டர் பரப்புள்ள கருவி இருக்கிறது. புரோட்டான்களின் எண்ணிக்கைக் கோடு 166 டெரா அருகே எதிர்பாராத விதமாக நிமிர்வதை 2024இல் வெளியிட்டார்கள். ஒரே வகை மூலம், ஒரே சீரான சரிவு என்ற பழைய படம் போதாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் காமா தொலைநோக்கி அதே ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. கானரித் தீவிலும் சிலியிலும் செரென்கோவ் தொலைநோக்கி வரிசை என்ற பெரிய பன்னாட்டு ஆய்வகம் எழும்பிக்கொண்டிருக்கிறது. குமிழிக்குள் எந்த மூலையில் முடுக்கம் நடக்கிறது என்று கூர்ந்து பார்க்க அதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

திருத்திய பேச்சு ஒளிபரப்பான மறுநாள் அந்த ஆசிரியர் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"நல்லா சொன்னம்மா. ஆனா சிக்னஸ் குமிழிக்குள்ள முடுக்குறது எதுன்னு நீ முடிவா சொல்லலையே?"

"அதை ஆய்வு செஞ்சவங்களே இன்னும் முடிவா சொல்லல சார்."

"ம்."

"அப்போ பாதிங்கிறத முக்கால்னு மாத்திக்கலாமா சார்?"

"அவசரப்படாதம்மா" என்றார்.